முகவரி மாறிய மின்னஞ்சல்களை அலுவலகத்தில் கையாளுவது எப்படி?

ஒரு நிறுவனத்தின் மின்னஞ்சல் அமைப்பைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு புதிதாக உங்களிடம் வந்திருந்தால், பாஸ்வேர்டை மறந்தவர்களும் இடம் தீர்ந்துபோன இன்பாக்ஸ்களும் சில நாட்களிலேயே பழகிவிடும். முகவரி மாறிய மடல்கள், அதாவது தவறான முகவரிக்கு வந்த அல்லது போன மடல்கள், அப்படிப்பட்டவை அல்ல. அவற்றைப் பற்றி யாரும் வந்து புகார் சொல்வதில்லை. வாடிக்கையாளர் அனுப்பிய ஆர்டர் எவரும் திறக்காத பெட்டியில் கிடக்கும். அவர் பதிலுக்குக் காத்திருப்பார். இங்கே அப்படியொரு மடல் வந்ததே யாருக்கும் தெரியாது. நான் இந்த வேலையை ஏற்றபோது சேவை நிறுவனங்களின் உதவிப் பக்கங்கள் எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்பதைச் சொன்னவே தவிர, எதை முதலில் முடிவு செய்ய வேண்டும் என்பதைச் சொல்லவில்லை. அந்த வரிசையைத்தான் இங்கே தருகிறேன். வழிநெடுக ஒரே அளவுகோலைத்தான் பயன்படுத்துகிறேன்: எந்த மடலும், அனுப்பியவருக்குத் தெரியாமல் காணாமல் போகக் கூடாது.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் நிறுவனத்தின் பெயரில் உள்ள எல்லா டொமைன்களின் (முகவரியில் @ குறிக்குப் பின் வரும் பெயர்) பட்டியலையும் எடுங்கள். இப்போது பயன்படுத்துவது மட்டும் போதாது. பெயர் மாற்றத்துக்கு முன் இருந்த பழைய டொமைன், ஏதோ ஒரு விளம்பரத்துக்காக வாங்கிப் பின்னர் மறந்துபோன டொமைன் ஆகியவையும் பட்டியலில் வர வேண்டும். அடுத்து, நடப்பில் உள்ள பயனர்கள், அலியாஸ்கள் (ஒரே பெட்டிக்கு வரும் மாற்று முகவரிகள்), குரூப்கள் (பலருக்கும் சேரும் பொது முகவரிகள்) அனைத்தையும் அட்மின் பக்கத்திலிருந்து ஒரு விரிதாளாக இறக்கிக்கொள்ளுங்கள். மூன்றாவதாக, நிறுவனம் தன் முகவரி என்று வெளியே அச்சிட்டுக் கொடுத்திருப்பவற்றைத் திரட்டுங்கள்: லெட்டர்ஹெட், விசிட்டிங் கார்டு, இன்வாய்ஸின் அடிக்குறிப்பு, இணையதளத்தின் தொடர்புப் படிவம். அச்சில் இருக்கும் முகவரிக்கும் சர்வரில் இருக்கும் முகவரிக்கும் ஓர் எழுத்து வேறுபட்டிருப்பதை நீங்கள் நினைப்பதைவிட அதிகமாகக் காண்பீர்கள். அந்த ஓர் எழுத்தைச் சரிசெய்வதே பல இடங்களில் பாதி வேலையை முடித்துவிடும்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது, நிர்வாகத்திடமிருந்து எழுத்து மூலமான ஒப்புதல். முகவரி மாறிய மடலில் யாருடைய சம்பள விவரமோ மருத்துவ அறிக்கையோ இருக்கக்கூடும். அதை யார் திறக்கலாம், எவ்வளவு தூரம் படிக்கலாம், எத்தனை நாள் வைத்திருக்கலாம் என்பவை ஒரு பக்கக் குறிப்பாகவாவது கையெழுத்துடன் இருக்க வேண்டும். அட்மின் உரிமை இருப்பதாலேயே பிறர் மடலைத் திறக்கும் உரிமையும் வந்துவிடுவதில்லை. பல நாடுகளில் இது சட்டப் பிரச்சினையாகவும் ஆகும்.

2. எந்த வகைத் தவறு என்பதைக் கண்டறிதல்

“முகவரி மாறிய மடல்” என்று பொதுவாகச் சொன்னாலும் அதற்குள் நான்கு வெவ்வேறு சிக்கல்கள் இருக்கின்றன: நம் டொமைனில் இல்லாத முகவரிக்கு வருவது, இருக்கும் முகவரிதான் என்றாலும் தவறான ஆளுக்கு வருவது, வேலையை விட்டுப் போனவருக்கு வருவது, நாமே வெளியாருக்குத் தவறி அனுப்பியது. ஒவ்வொன்றுக்கும் தீர்வு வேறு.

வகை பிரிக்கும்போது ஒரு கண்ணியைக் கவனியுங்கள். மடலைத் திறந்ததும் “பெறுநர்” என்ற வரியில் தெரியும் முகவரியும், அந்த மடலை எங்கே சேர்ப்பது என்று சர்வர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்ட முகவரியும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. முன்னது மடலுக்குள் எழுதியது; பின்னது உறையின் மேல் எழுதியது. பிசிசி-யில் அனுப்பியிருந்தாலோ, ஒரு குரூப் வழியாக வந்திருந்தாலோ, வேறொரு முகவரியிலிருந்து தானாகத் திருப்பிவிடப்பட்டிருந்தாலோ உங்கள் பெயர் பெறுநர் வரியில் இருக்காது. ஆகவே “இது எனக்கு வந்ததல்ல” என்று ஒருவர் சொன்னால் உடனே ஒப்புக்கொள்ளாமல், மடலின் முழு ஹெடரை (மடலோடு வரும் வழித்தடத் தகவல்) திறந்து “டெலிவர்ட்-டு” என்ற வரியையும், சர்வர் லாகில் (சர்வர் தானாக எழுதிவைக்கும் பதிவேடு) அந்த மடலுக்கான பதிவையும் பாருங்கள். தவறி வந்ததாகச் சொல்லப்படும் மடல்களில் கணிசமானவை, யாரும் நினைவில் வைத்திராத பழைய குரூப் ஒன்றின் வழியாகச் சரியாகவே வந்தவையாக இருக்கும்.

இங்கே நேரம் முக்கியம். கூகுள் வொர்க்ஸ்பேஸில் மின்னஞ்சல் லாக் தேடல் கடைசி 30 நாட்களை மையமாகக் கொண்டது. மைக்ரோசாஃப்ட் 365-இல் மெசேஜ் டிரேஸ் எனும் அதே வகைத் தேடல் 90 நாட்கள் வரை பின்னோக்கிப் பார்க்கும். சொந்தச் சர்வர் என்றால் லாக் கோப்புகள் எத்தனை நாளில் அழிகின்றன என்பதை இன்றே பார்த்துவிடுங்கள். புகார் வரும்போது லாக் இல்லையென்றால் ஊகம் மட்டுமே மிஞ்சும்.

3. இல்லாத முகவரிக்கு வருவதை வாசலிலேயே மறுத்தல்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு படியைத்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள். அனுப்பும் சர்வர் உங்கள் சர்வரைத் தொடர்புகொண்டு, “இன்ன முகவரிக்கு மடல் வைத்திருக்கிறேன்” என்று சொல்லும்போது, அப்படியொரு பெட்டி இல்லையென்றால் உங்கள் சர்வர் அந்த நொடியிலேயே “550 5.1.1” என்ற எண்களுடன் மறுக்க வேண்டும். மடல் உள்ளே வருவதே இல்லை. அனுப்பிய சர்வர், தன் பயனருக்கு “உங்கள் மடல் சேரவில்லை” என்று பவுன்ஸ் மடல் ஒன்றை எழுதிவிடும். அவர் முகவரியைத் திருத்தி மறுபடி அனுப்புவார், அல்லது தொலைபேசியில் கூப்பிடுவார்.

இதற்கு மாறாக, எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு, பெட்டி இல்லை என்று பிறகு கண்டுபிடித்து, உங்கள் சர்வரே பவுன்ஸ் அனுப்புமாறு அமைத்தால் புதிய தொல்லை தொடங்கும். ஸ்பேம் அனுப்புபவர்கள் அனுப்புநர் இடத்தில் யாரோ ஓர் அப்பாவியின் முகவரியைப் போட்டிருப்பார்கள். உங்கள் பவுன்ஸ் எல்லாம் அவர் தலையில் போய் விழும். இப்படிப் பெருமளவில் நடந்தால் உங்கள் சர்வரே தடைப்பட்டியலில் சேரும். பவுன்ஸும் இல்லை, பெட்டியும் இல்லை, மடலை ஓசையின்றி அழித்துவிடுவோம் என்ற மூன்றாவது வழியையும் சிலர் பின்பற்றுகிறார்கள். ஸ்பேம் குறைகிறது என்பது அவர்கள் வாதம். ஆனால் ஆர்டர் அனுப்பிய வாடிக்கையாளருக்கு அது போய்ச் சேர்ந்துவிட்டதாகவே தோன்றும் என்பதால் இதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

அமைப்பில் பார்க்க வேண்டியவை இவை. போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மின்னஞ்சல் மென்பொருள் ஓடும் சர்வரில், தன் சொந்த டொமைனுக்கான இல்லாத முகவரிகளை மறுப்பது இயல்பான அமைப்பாகவே இருக்கிறது. ஆனால் அது வேறொரு சர்வருக்கு மடலை எடுத்துக் கொடுக்கும் இடைநிலைச் சர்வராக இருந்தால், செல்லுபடியாகும் முகவரிகளின் பட்டியலை நீங்கள் தனியாகக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் எதையும் வாங்கிக்கொள்ளும். எக்ஸ்சேஞ்ச் ஆன்லைனில் (மைக்ரோசாஃப்ட் 365-இன் மின்னஞ்சல் சேவை) டொமைனின் வகை “ஆத்தரிட்டேட்டிவ்” (பெட்டிகள் எல்லாம் இங்கேயே) என்று இருந்தால்தான் இல்லாத முகவரிகள் வாசலில் மறுக்கப்படும். “இன்டர்னல் ரிலே” (சில பெட்டிகள் வேறு சர்வரில் இருக்கலாம்) என்று மாற்றியிருந்தால் மறுக்கப்படாது. ஒரு மின்னஞ்சல் சேவையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் காலத்தில் இப்படி மாற்றிவிட்டுத் திரும்ப மாற்ற மறந்த அமைப்புகள் ஏராளம். இரண்டாவது எம்எக்ஸ் சர்வர் (டொமைனுக்கு வரும் மடல்களை வாங்கும் சர்வர்) ஒன்று வைத்திருந்தால் அதற்கும் இதே முகவரிப் பட்டியல் தெரிந்திருக்க வேண்டும். முன்வாசலைப் பூட்டிவிட்டுப் பின்வாசலைத் திறந்துவைத்தால் ஸ்பேம் அனுப்புபவர் நேராகப் பின்வாசலுக்குத்தான் வருவார்.

மாற்றியபின் சோதிக்காமல் விடாதீர்கள். நிறுவனத்துக்குச் சம்பந்தமில்லாத ஒரு தனிப்பட்ட கணக்கிலிருந்து, உங்கள் டொமைனில் நிச்சயமாக இல்லாத ஒரு முகவரிக்கு மடல் அனுப்புங்கள். சில நிமிடங்களில் பவுன்ஸ் வர வேண்டும். அதைத் திறந்து எண்களைப் படியுங்கள். 5-இல் தொடங்கினால் நிரந்தர மறுப்பு; 4-இல் தொடங்கினால் தற்காலிகத் தடங்கல், அனுப்பும் சர்வர் மறுபடி முயலும். 5.1.1 என்றால் பெட்டி இல்லை, 5.1.2 என்றால் டொமைனே தவறு, 5.2.2 என்றால் பெட்டி நிரம்பிவிட்டது, 5.7.1 என்றால் அனுப்ப அனுமதி இல்லை. இந்த நான்கையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி மேசையில் ஒட்டிவையுங்கள். “மடல் போகவில்லை” என்று வருபவரிடம் முதலில் கேட்க வேண்டியது இந்த எண்ணைத்தான்.

4. கேட்ச்-ஆல் பெட்டி: தவணையோடு மட்டும்

டொமைனில் எந்தப் பெயருக்கு வந்தாலும் ஒரே பெட்டியில் போட்டுவிடும் அமைப்பைத்தான் கேட்ச்-ஆல் என்கிறோம். எதுவும் தவறிப்போகாது என்பதால் நிர்வாகத்துக்கு இது மிகவும் பிடிக்கும். நடைமுறையில், அகராதிச் சொற்களையும் பொதுவான பெயர்களையும் வரிசையாகப் போட்டு அனுப்பப்படும் ஸ்பேம் முழுவதும் அங்கே வந்து சேரும். தொடக்கத்தில் ஒருவர் தினமும் பார்ப்பார், பிறகு வாரம் ஒருமுறை, அதன்பின் யாரும் பார்க்க மாட்டார்கள். அந்த நிலைக்கு வந்த பெட்டியும் மடலை ஓசையின்றி அழிப்பதும் ஒன்றுதான்.

டொமைன் மாறும்போதோ இரண்டு நிறுவனங்கள் இணையும்போதோ மட்டும் இதைத் திறக்கலாம். திறக்கும் நாளிலேயே மூடும் நாளையும் நாட்காட்டியில் குறித்துவிடுங்கள். என் கணக்கில் 90 நாட்கள் தாராளம். அந்தக் காலத்தில் வரும் உண்மையான மடல்களை மட்டும் எடுத்து, அவை எந்தத் தவறான முகவரிக்கு வந்தன என்று ஒரு பட்டியல் போடுங்கள். ஒரே தவறு திரும்பத் திரும்ப வந்தால் அந்த முகவரியைச் சரியான பெட்டியின் அலியாஸாகச் சேர்த்துவிடுங்கள். “அக்கவுண்ட்ஸ்” என்பதன் கடைசி எழுத்தை விட்டு அனுப்புவோர் எல்லா நிறுவனங்களுக்கும் உண்டு. பெயரில் ஆங்கில “எச்” சேர்ப்பவரும் விடுபவரும் உண்டு. ஒருமுறை மட்டும் வந்த தவறுக்கு அலியாஸ் வேண்டாம். அனுப்பியவருக்குச் சரியான முகவரியை எழுதினால் போதும்.

செலவைப் பொறுத்தவரை அலியாஸுக்குத் தனிக் கட்டணம் இல்லை. கூகுள் வொர்க்ஸ்பேஸில் ஒரு பயனருக்கு 30 அலியாஸ்கள் வரை வைக்கலாம். ஆனால் கேட்ச்-ஆலுக்கென்று தனிப் பயனர் கணக்கு திறந்தால் அதற்கு மாதச் சந்தா உண்டு. குரூப்பாகவோ ஷேர்டு மெயில்பாக்ஸாகவோ (பலர் சேர்ந்து பார்க்கும் பொதுப் பெட்டி) அமைத்தால் அது மிச்சமாகும்.

5. வேலையை விட்டுப் போனவர்களின் முகவரிகள்

ஒருவர் போன அன்றே கணக்கை அழித்துவிடுவது மிகப் பரவலான தவறு. அழித்த கணக்கை வொர்க்ஸ்பேஸில் 20 நாட்களுக்குள்ளும் மைக்ரோசாஃப்ட் 365-இல் 30 நாட்களுக்குள்ளும் மீட்கலாம்; அதற்குப் பிறகு போனது போனதுதான். முதலில் பாஸ்வேர்டை மாற்றி, எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேற்றுங்கள். பிறகு பெட்டியை ஷேர்டு மெயில்பாக்ஸாக மாற்றி, அவருடைய வேலையை எடுத்துக்கொண்டவருக்கு அனுமதி கொடுங்கள். மைக்ரோசாஃப்டில் 50 ஜிபி வரை இதற்கு லைசென்ஸ் வேண்டியதில்லை. பழைய மடல்களைச் சட்டத் தேவைக்காகப் பூட்டி வைக்க வேண்டுமென்றால் அது வேறு கணக்கு, லைசென்ஸ் தேவைப்படும்.

தானியங்கிப் பதிலில், “இந்த முகவரி பயன்பாட்டில் இல்லை, இன்ன பிரிவின் பொது முகவரிக்கு எழுதுங்கள்” என்று மட்டும் இருக்கட்டும். எங்கே போனார், ஏன் போனார் என்பதெல்லாம் வேண்டாம். மூன்று மாதம் கழித்துப் பதிலை நிறுத்திவிட்டு, முகவரியை மூன்றாம் படியில் சொன்னபடி வாசலிலேயே மறுக்க விடுங்கள். தானியங்கிப் பதிலை நீங்களே ஸ்கிரிப்ட் எழுதி அமைப்பதாக இருந்தால், அனுப்புநர் முகவரி காலியாக உள்ள மடல்களுக்கும், “ஆட்டோ-சப்மிட்டெட்” என்ற ஹெடர் தானியங்கி என்று காட்டும் மடல்களுக்கும் பதில் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் இரண்டு இயந்திரங்கள் விடிய விடிய ஒன்றுக்கொன்று பதில் எழுதிக்கொண்டிருக்கும்.

போனவருடைய தனிப்பட்ட மின்னஞ்சலுக்கு மடல்களைத் திருப்பிவிடச் சொல்லி யார் கேட்டாலும் மறுத்துவிடுங்கள். அதே பெயருள்ள புதியவர் சேர்ந்தால், பழைய முகவரியை அவருக்குக் கொடுக்காமல் முதலெழுத்து ஒன்றைச் சேர்த்து வேறு முகவரி கொடுங்கள். பழையவரின் வங்கி, காப்பீடு, கடன் மடல்கள் புதியவருக்கு வருவதை இருவருமே விரும்ப மாட்டார்கள்.

6. தவறான ஆளுக்கு வந்துவிட்டால்: ஊழியர்களுக்குச் சொல்ல வேண்டியது

இதை ஒரு பக்கச் சுற்றறிக்கையாகக் கொடுத்துவிடுங்கள். தனக்குரியதல்ல என்று தெரிந்த இடத்தில் படிப்பதை நிறுத்த வேண்டும். இணைப்புகளைத் திறக்கக் கூடாது. யாருக்காக இருக்கும் என்று ஊகித்துத் தானே ஃபார்வர்டு செய்யக் கூடாது. நல்லெண்ணத்தில் செய்வதுதான் என்றாலும், சம்பள உயர்வு பற்றிய மடல் அதே பெயருள்ள மூன்றாவது ஆளுக்குப் போய்ச் சேர்வது இப்படித்தான். வெளியிலிருந்து வருவதை வெளியே தானாகத் திருப்பிவிடும் விதி அமைத்தால் அனுப்புநர் சரிபார்ப்பில் தோற்று ஸ்பேமில் விழவும் வாய்ப்புண்டு.

அனுப்பியவருக்கு மட்டும், “அனைவருக்கும் பதில்” பொத்தானைத் தொடாமல், மூல மடலின் உள்ளடக்கத்தை நீக்கிவிட்டு இப்படி எழுதினால் போதும்: “வணக்கம். இன்று காலை தாங்கள் அனுப்பிய மடல் தவறுதலாக எனக்கு வந்துள்ளது. அதை முழுமையாகப் படிக்கவோ பிறருக்கு அனுப்பவோ இல்லை. தங்கள் பதில் கிடைத்ததும் நீக்கிவிடுகிறேன்.” பதில் வந்தபின் இன்பாக்ஸிலிருந்தும் குப்பைப் பெட்டியிலிருந்தும் நீக்க வேண்டும். ஓரிரு வேலை நாட்களில் பதில் வராவிட்டால் அட்மினிடம் சொல்லிவிட்டு நீக்கலாம்.

விதிவிலக்கு ஒன்று உண்டு. அறிமுகமே இல்லாதவரிடமிருந்து, தவறி வந்ததுபோல் தோன்றும் ரகசிய ஒப்பந்தமோ பணப் பரிமாற்ற விவரமோ வந்தால் அது தூண்டிலாகவும் இருக்கலாம். பதில் எழுதினாலே இந்த முகவரியில் ஆள் இருக்கிறார் என்று தெரிந்துவிடும். அப்படிப்பட்டதை நேராக உங்களிடம் கொடுக்கச் சொல்லுங்கள்.

7. நாமே தவறி அனுப்பிவிட்டால்

இங்கே எல்லாம் நொடிக்கணக்கில்தான். ஜிமெயிலில் அனுப்பியதை ரத்துசெய்யும் அவகாசம் இயல்பாக 5 நொடிகள். அமைப்புகளில் 30 நொடிகள் வரை கூட்டலாம். இன்றே எல்லோருக்கும் 30 ஆக்கச் சொல்லுங்கள். அவுட்லுக்கின் “ரீகால்” ஒரே நிறுவனத்துக்குள் மட்டுமே பயன்படும். வெளியே போனதை அது திரும்பக் கொண்டுவராது. அதோடு, சில அமைப்புகளில் போகும் “இவர் ஒரு மடலைத் திரும்பப் பெற முயல்கிறார்” என்ற செய்தி வெளியாரின் ஆவலைத்தான் கிளப்பும். அதைவிட, அனுப்பும் ஒவ்வொரு மடலையும் ஓரிரு நிமிடம் நிறுத்திவைக்கும் விதியை அவுட்லுக்கில் அமைப்பது மேல்.

அவகாசம் தாண்டிவிட்டால் இந்த வரிசையில் செய்யுங்கள். இணைப்புகள் கோப்பாக இல்லாமல் லிங்காகப் போயிருந்தால் பகிர்வு அனுமதியை உடனே நீக்குங்கள். அது ஒன்றுதான் உண்மையிலேயே உங்கள் கையில் இருப்பது. பிறகு மெசேஜ் டிரேஸில் மடல் சேர்ந்ததா என்று பாருங்கள். உள்ளேயே தவறியிருந்தால் அட்மினாக நீங்கள் தேடி நீக்கலாம். வெளியே போயிருந்தால் பெற்றவருக்குச் சுருக்கமாக எழுதி, நீக்கிவிட்டதாக எழுத்தில் உறுதி கேளுங்கள். தனிப்பட்ட தகவல் இருந்தால் சட்ட ஆலோசகரிடம் அன்றே பேசுங்கள்: ஐரோப்பிய ஒன்றியத்தின் ஜிடிபிஆர் என்ற தரவுப் பாதுகாப்பு விதிப்படி, பாதிப்புக்கு வாய்ப்பிருக்கும் கசிவை, தெரியவந்த 72 மணி நேரத்துக்குள் கண்காணிப்பு அமைப்புக்கு அறிவிக்க வேண்டும். வார இறுதி என்பதால் இந்தக் கடிகாரம் நிற்பதில்லை. பிற நாடுகளில் கெடு வேறுபடும். என்ன போனது, யாருக்கு, எப்போது, யார் என்ன செய்தார்கள் என்பதை அன்றைக்கே பதிவேட்டில் எழுதிவையுங்கள்.

“பவுன்ஸ் ஆகிவிடும், கவலையில்லை” என்று மட்டும் நம்பாதீர்கள். டொமைனில் ஓர் எழுத்து தவறினால் அதே எழுத்துப் பிழையோடு வேறொருவர் டொமைன் வாங்கி, கேட்ச்-ஆல் பெட்டி வைத்திருக்கக்கூடும். அமெரிக்க ராணுவத்தின் “.மில்” (.mil) முகவரிகளுக்குப் போக வேண்டிய மடல்கள், ஓர் எழுத்து விடுபட்டதால், மாலி நாட்டின் “.எம்எல்” (.ml) டொமைனுக்கு ஆண்டுக்கணக்கில் போய்க்கொண்டிருந்தது 2023 ஜூலையில் செய்தியானது. மறுபுறம், பவுன்ஸ் தாமதமாகவும் வரலாம். தவறிய டொமைன் இருந்து, அதன் சர்வர் மட்டும் பதில் சொல்லாவிட்டால், போஸ்ட்ஃபிக்ஸ் இயல்பாக 5 நாட்கள் வரை முயன்றுவிட்டுத்தான் கைவிடும். அதுவரை அனுப்பியவருக்கு எச்சரிக்கைகூடப் போகாது. அவசர மடல்கள் போகும் அலுவலகம் என்றால் தாமத எச்சரிக்கையை 4 மணி நேரத்துக்கு அமைத்துவிடுங்கள்.

8. தவறு குறைவதற்கான சில்லறை வேலைகள்

தவறி அனுப்புவதற்குப் பெருங்காரணம், இரண்டு எழுத்து அடித்ததும் முழு முகவரியையும் நிரப்பித் தரும் வசதிதான். அதை முழுவதும் நிறுத்தினால் அலுவலகம் கொதிக்கும். பழைய பதிவுகளை அவ்வப்போது நீக்கச் சொன்னால் போதும். வெளி முகவரி சேர்ந்தால் எச்சரிக்கும் அமைப்பைப் போட்டுவிடுங்கள். அனைத்து ஊழியர்கள் குரூப்புக்கு மடல் அனுப்பும் உரிமையை நான்கைந்து பேருக்கு மட்டும் கொடுங்கள். உங்கள் டொமைன் பெயரில் மிக எளிதாக நேரும் ஒன்றிரண்டு எழுத்துப் பிழைகளை நீங்களே பதிவு செய்துகொள்வது நல்லது. ஆண்டுக் கட்டணம் உண்டு என்பதால் பத்துப் பதினைந்தாக வாங்கிக் குவிக்க வேண்டாம்.

கடைசியாக, “போஸ்ட்மாஸ்டர்” என்ற முகவரி உங்கள் டொமைனில் இருக்கிறதா என்று பாருங்கள். மின்னஞ்சல் நெறிமுறைப்படி அது கட்டாயம் இருக்க வேண்டும். உங்கள் அமைப்பில் கோளாறு என்று பிற நிறுவனத்தின் அட்மின் எழுதுவது அங்கேதான். பல அலுவலகங்களில் அது எப்போதோ போன ஒருவரின் பெட்டிக்குத் திருப்பிவிடப்பட்டிருக்கும். வெளிக் கணக்கிலிருந்து அதற்கு ஒரு மடல் அனுப்பி, யாரிடம் வந்து சேர்கிறது என்பதைப் பார்த்துவிட்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதையும் மூன்றாம் படியின் பவுன்ஸ் சோதனையையும் சேர்த்துச் செய்ய நாட்காட்டியில் ஒரு நினைவூட்டல் போட்டுக்கொள்ளுங்கள்.